வராத வில்லன்கள்

இன்று காலை கம்பெனி ஓனர் உன் ஷோ சூட்டை ஒரு பெரிய பையில் போட்டு எங்கள் மந்தைவெளி வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். புது ஆள் கிடைத்துவிட்டானாம். உன்னைவிட ஒல்லி. இடுப்பில் பிடித்துத் தைக்க வேண்டும், தெரிந்த டெய்லர் இருந்தால் நான் சொல்ல வேண்டும், அடுத்த மாதம் மறுபடி ஷோ ஆரம்பிக்கலாம், நான்தான் எப்போதும் போலக் குரல் கொடுக்க வேண்டும் என்றார். கதவைச் சாத்திவிட்டு ஜிப்பைத் திறந்தேன். முகமூடிக்குள்ளிருந்து நீலகிரித் தைல வாசனை எழுந்து வந்தது.

ரப்பர் நாற்றம் தாங்காமல் ஒவ்வொரு ஷோவுக்கு முன்னாலும் நீ அதன் உட்புறத்தில் தைலத்தைத் தடவுவாய். அப்புறம் கண்ணெரிச்சலில் பாதி ஷோ அழுதுகொண்டே நிற்பாய். "உள்ள நான் அழுவுறேன், வெளிய பசங்க கை தட்டுது. இன்னா பொழப்பு பாரு லைப்ரரி" என்பாய். எந்நேரமும் பையில் இரண்டு புத்தகம் வைத்திருப்பவள் என்று எனக்கு நீ வைத்த பெயர் லைப்ரரி. முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது.

வாசனை வந்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. போன மாதம் இந்தப் பை வந்திருந்தால் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். இடையில் ஒன்று நடந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு உன்னைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை என்பதுதான் கொடுமை.

நாம் இருவரும் சேர்ந்து ஒரு ஆள். அப்படித்தான் ஓனர் நம்மை அறிமுகம் செய்வார். வேளச்சேரி அப்பார்ட்மென்ட் ஹால்களில், பலூன் கட்டிய மேடைகளில், குழந்தைகளின் பிறந்தநாளுக்கு வரும் அலையரசன். கடலுக்கடியிலிருந்து வந்த மாவீரன். நீலச் சூட்டும் மஞ்சள் கையுறையும் நீ. திரைக்குப் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான். என் குரலை ஒரு சின்னக் கருவி கனமாக்கி ஆண் குரலாக மாற்றி வெளியே அனுப்பும். முகமூடிக்குள்ளிருந்து பேசினால் சத்தம் வெளியே வராது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஓனர் உன் எதிரிலேயே சொன்னார். "ஹீரோ வந்து 'இன்னா நைனா, எப்டி கீற'ன்னா அப்பார்ட்மென்ட்காரங்க சிரிப்பாங்கப்பா." நீயும் சேர்ந்து சிரித்தாய். வெளியே வந்ததும் என்னிடம், "ஒடம்பு குப்பத்துலருந்து, வாயி மைலாப்பூர்லருந்து. கரெக்டாத்தான் கீது" என்றாய். ஊரூர் குப்பத்துப் பையன் நீ. பத்து நிமிஷம் நடந்தால் அடையாறு. ஆனாலும் அடையாற்றைப் பற்றிப் பேசும்போது வேறு ஊரைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவாய்.

நீ வலது கையை உயர்த்தினால் நான் பேச வேண்டும். இடுப்பில் கை வைத்தால் நிறுத்த வேண்டும். ஒருமுறை எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நீ கையை உயர்த்தியபடியே நிற்கிறாய், அலையரசனிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை எழுந்து, "அங்கிள் ஹோம்வொர்க் பண்ணலையா?" என்று கேட்டது. நீ தலையைக் குனிந்து காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டாய். அன்றைக்குத்தான் எனக்கு உன்னைப் பிடித்துப்போனது. வேறு பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை.

வில்லனுக்கு இன்னொரு சூட்டு வாங்க ஓனருக்கு மனம் வரவில்லை. "அதெல்லாம் பசங்களே கற்பனை பண்ணிக்கும்மா. நீ எழுதறவதானே, எதாவது பண்ணு." பகலில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிற எனக்கு அவர் கொடுத்த பதவி அது, எழுதுகிறவள். அதனால் வராத வில்லனை எழுதினேன். கருநிழல் என்று பெயர் வைத்தேன். அவன் கதவுக்கு வெளியே நிற்பான், பால்கனிக்குப் பின்னால் மூச்சுவிடுவான், கேக்கைத் திருட லிஃப்ட்டில் ஏறிவிட்டான் என்று தகவல் வரும். ஒருநாளும் உள்ளே வரமாட்டான். நீ காற்றைக் குத்துவாய், காற்றில் விழுவாய், எழுவாய். குழந்தைகள் உண்மையிலேயே பயந்தார்கள். ஒரு பையன் கருநிழலின் மீசையைக் கூடப் பார்த்ததாகச் சொன்னான்.

உனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. "வந்தான்னா ஒரு குத்து வுட்டு முடிச்சிடலாம் லைப்ரரி. வராதவன இன்னா பண்றது? அவன்தான் பேஜாரு புடிச்சவன்" என்றாய். நான் பெருமைப்பட்டேன்.

நாம் காதலித்ததை விரிவாக எழுத எனக்கு இப்போது கை வரவில்லை. ஷோ முடிந்து வேளச்சேரியில் ரயில் ஏறுவோம். நீ கஸ்தூரிபாய் நகரில் இறங்க வேண்டும், இறங்க மாட்டாய். மந்தைவெளி வரை வந்து, பிளாட்பாரத்தில் என்னோடு ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்புவாய். அவ்வளவுதான். இரண்டு வருஷம் அவ்வளவேதான், அது போதுமானதாக இருந்தது.

முதலில் வீட்டில் பேசியது நான். அப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அம்மா அழுதாள், சாப்பிடாமல் இருந்தாள், அத்தைக்குப் போன் செய்து சொல்லி அழுதாள். எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் கறிகாய் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அவா அம்மாவை ஒரு நாள் கூட்டிண்டு வரச் சொல்லு. மனுஷாளைப் பார்க்காம நான் என்ன சொல்ல முடியும்?" என்றாள். அதை உன்னிடம் சொல்ல நான் எப்படி ஓடிவந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு ஷோவில் அலையரசனின் குரல் ஒரே குதூகலமாக இருந்தது என்று ஓனர்கூடச் சொன்னார்.

அடுத்த வாரம் அதே வேளச்சேரி பிளாட்பாரத்தில், சூட்டுப் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நீ சொன்னாய்.

"அம்மா ஒத்துக்கல லைப்ரரி. மீன் சட்டி வெக்கிற வூட்டுல தயிர்சாதம் எதுக்குன்னு கேக்குது. மீறி கட்டினா தூக்குல தொங்குவேன்னுது."

"நான் வந்து பேசட்டுமா?"

"அய்யோ, வேணாம். உன்னப் பாத்தா இன்னும் பேஜாரு பண்ணும்."

அழுதாய். அன்றைக்கு முகமூடியும் இல்லை, தைலமும் இல்லை. நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அம்மாவைப் பலிகொடுத்துவிட்டு என்ன கல்யாணம் என்று நானே உனக்குச் சமாதானம் சொன்னேன். வீட்டுக்குப் போய், "அவாத்துல வேண்டாங்கறா" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் முகத்தில் ஒரு நொடி நிம்மதி தெரிந்தது. அப்புறம் அதற்காக வெட்கப்பட்டு எனக்குத் தோசை வார்த்துப் போட்டாள். அவள் சமாதானமாகச் சொன்ன ஒரு வாக்கியம் என்னை ரொம்ப நாள் அறுத்துக்கொண்டிருந்தது. "நாம வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி அவாளே சொல்லிட்டா, விடு."

அதற்குப் பிறகும் நாம் ஷோ செய்தோம். பிரிந்தவர்கள் இப்படி ஒன்றாக வேலை செய்வார்களா என்று பதிப்பகத்தில் ஒருத்தி கேட்டாள். பிரிந்தவர்களா நாம்? தியாகம் செய்தவர்கள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கையை உயர்த்துவாய், நான் பேசுவேன். ஒரே துக்கத்தை இரண்டு பேரும் பாதிப் பாதியாகச் சுமக்கிறோம் என்று நம்பினேன். வந்த ஜாதகங்களை எல்லாம் திருப்பி அனுப்பினேன். என் பாதியை நான் இறக்கி வைத்துவிட்டால் முழுவதும் உன் தலையில் விழுமே என்று.

உன் அம்மாவை வெறுத்தேன். பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் போவதையே நிறுத்தினேன். ஒருநாள் தவிர்க்க முடியாமல் போனபோது தூரத்திலிருந்து அவளைப் பார்த்தேன், நீ போனில் படம் காட்டிய அதே முகம். மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து யாரோடோ பேசி உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு திமிர் என்று நினைத்தேன்.

மழையில் வேளச்சேரி சாலையில் உன் பைக் சறுக்கிய செய்தியை ஓனர்தான் போனில் சொன்னார். குப்பத்தின் முனையில் உன் நண்பர்கள் பேனர் கட்டியிருந்தார்கள். அலையரசனின் உடம்பில் உன் முகத்தை ஒட்டி, கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று. மஞ்சள் கையுறையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ சிரித்தாய். கம்பெனி ஆட்களோடு நான் தெருமுனையில் நின்றேன். உள்ளே உன் அம்மா அலறிக்கொண்டிருந்தாள். அப்போதும் எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. இப்போது அழுது என்ன என்று தோன்றியது.

போன வாரம் உனக்கு வருஷப் படையல். "உன்ன அந்தம்மா பாக்கணும்ங்குது. எம்புள்ளைக்கு வாய்ஸ் குடுத்த பொண்ண ஒரு தபா காட்டுன்னு வருஷம் பூரா கேட்டுக்கிட்டே இருக்கு, போயிட்டு வந்துடும்மா" என்றார் ஓனர். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அந்த முகத்தை ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆங்காரத்தில்தான் போனேன்.

உன் படத்துக்கு முன்னால் பெரிய தலைவாழை இலை. வஞ்சிர வறுவல், இறால் தொக்கு, நெத்திலி, முட்டை, பன்னீர் சோடா, ஒரு பாக்கெட் சிகரெட். நீ சிகரெட் பிடிப்பாய் என்பதே எனக்குத் தெரியாது. உன் அம்மா ஒரு கவளம் சோற்றைக் கூரை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காக்கை வந்துவிட்டது.

"வந்துட்டான் பாரு! துன்றதுக்கு மட்டும் டயத்துக்கு வந்துடுவான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.

வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு என்னை அடுப்பங்கரைக்கு அழைத்தாள். தனியாக ஒரு வாணலியில் வாழைக்காய் வறுத்து வைத்திருந்தாள். தட்டும் புதிது, ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை.

"நீ மீனு துன்னமாட்டேன்னு ஓனரு சொன்னாரு கண்ணு. இது வேற சட்டி, வேற எண்ணெ. பயப்படாம துன்னு."

தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். மீன் சட்டி வைக்கிற வீடு. ஏதோ ஒன்று அந்த இடத்திலேயே இடறியது, ஆனால் என்னவென்று புரியவில்லை.

அவளே பேச ஆரம்பித்தாள். "அவனுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு, தெரியுமா உனக்கு? கூட வேல செஞ்சவ நீ, சொல்லியிருப்பானே."

நான் தட்டின் ஓரத்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன்.

"யாருன்னு என்கிட்ட கடைசி வரிக்கும் சொல்லல. இட்டுக்கினு வாடான்னு எத்தன தபா சொன்னேன். கட்டி வெக்கிறேன்டா, எந்த சாதியா இருந்தா எனக்கு இன்னான்னேன். அவ அம்மாக்காரி ஒத்துக்கலையாம். எம்புள்ளையக் கட்டினா தூக்குல தொங்குவேன்னாளாம். சரி, நான் வந்து அந்தம்மா கால்ல வுழுறேன்டான்னேன். வேணாம்மா, உன்னப் பாத்தா அவங்க இன்னும் பேஜாரு பண்ணுவாங்கன்னுட்டான். அப்டியே உள்ளுக்குள்ள கொமஞ்சி கொமஞ்சி போயி சேந்தான் எம்புள்ள. அவ நல்லாருப்பாளா, அந்த அம்மாக்காரி? வெளங்குவாளா?"

அதே கயிறு. அதே பேஜார். வார்த்தைகூட மாற்றவில்லை நீ.

தோசை வார்த்துப் போட்ட என் அம்மாவை, அவளுக்குத் தெரியாத ஒரு வீட்டில், தெரியாத ஒருத்தி வருஷக்கணக்காகச் சபித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பேசாமல் இருந்திருக்கலாம். வாழைக்காயைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்திருக்கலாம். இத்தனை வருஷம் உனக்காகப் பேசிப் பழகியவள், உனக்காக ஒருமுறை மௌனமாகவும் இருந்திருக்கலாம். உன் அம்மாவிடம் மிச்சம் இருப்பது ஒரு நல்ல பிள்ளையின் ஞாபகம் மட்டும்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் அவள் மறுபடியும், "வெளங்கவே மாட்டா" என்றாள்.

"அவங்க அப்படிச் சொல்லலம்மா" என்றேன்.

"உனக்கெப்டி தெரியும்?"

"அவங்க எங்க அம்மா."

உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். அப்புறம் என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். "என்னப் பத்தி உன்கிட்ட இன்னா சொன்னான்?" என்றாள்.

நான் தட்டை அடுப்பருகே வைத்தேன்.

"நானும் தொங்கினேனா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் எழுந்து போய் உன் படத்துக்கு முன்னால் நின்றாள். "ஏன்டா டேய். ரெண்டு பொம்பளைங்களத் தூக்குல மாட்டிட்டு நீ பாட்டுக்குப் போயி சேந்துட்டியேடா" என்றாள். கத்தவில்லை. கடைக்குப் போனவன் பையை மறந்து வைத்துவிட்டுப் போனதைச் சொல்வது போலச் சொன்னாள். திரும்பி வந்து என் தட்டில் இன்னும் இரண்டு துண்டு வாழைக்காய் போட்டாள்.

"பயந்தாங்கொள்ளி கண்ணு அவன். சின்னப் புள்ளைலருந்து அப்டித்தான். பானைய ஒடச்சிட்டு பூனை தள்ளிச்சும்பான். எங்க வூட்டுல பூனையே கெடையாது."

பயம் என்கிறாள் அவள். பெற்றவள், அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள உரிமை இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. எதற்குப் பயம்? உன் அம்மா வரச் சொன்னாள். என் அம்மாவும் வரச் சொன்னாள். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றது நீ மட்டும்தான், அதையும் உன் வாயால் சொல்லவில்லை. வராத வில்லனை உனக்கு அறிமுகம் செய்தவளே நான்தானே. உள்ளே வந்துவிட்டால் முகத்தைப் பார்த்துவிடுவார்கள், அதனால் வாசலிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். அந்த வித்தையை நீ என் அம்மாவை வைத்தும் உன் அம்மாவை வைத்தும் செய்தாய். இரண்டு பெண்கள் வெளியே நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருக்க, நீ நடுமேடையில் காற்றோடு சண்டை போட்டு, அடிபட்டு விழுந்து, எல்லோருடைய கண்ணீரையும் வாங்கிக்கொண்டாய். மீசையைப் பார்த்ததாகச் சொன்ன பையனும் நானும் ஒன்றுதான்.

'எனக்கு வேண்டாம் லைப்ரரி' என்று பிளாட்பாரத்தில் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உன்னைத் திட்டியிருப்பேன். ஒரு மாதம், ஆறு மாதம் அழுதிருப்பேன். அப்புறம் எழுந்திருப்பேன். தியாகத்திலிருந்துதான் எழுந்திருக்கவே முடியாது, அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. அந்தக் கௌரவத்தில் நீ என்னை உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "நான் எப்போடி அப்படிச் சொன்னேன்? கூட்டிண்டு வான்னுதானே சொன்னேன்?" என்றாள். அப்புறம் முகம் சுண்டிப்போய், "அப்போ அந்த மாமி இத்தனை நாளா என்னைத் திட்டிண்டா இருந்தா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. இரவெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தவள், காலையில் என்னிடம் உன் அம்மாவின் நம்பரை வாங்கினாள்.

முந்தாநாள் சாயங்காலம் உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஆட்டோவில். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அப்பா, "வாங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், திரும்பி வந்து ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மறுபடியும் உள்ளே போனார்.

"நான் ஒண்ணும் சொல்லலை, பார்த்துக்கோங்கோ" என்றாள் அம்மா, உட்காருவதற்கு முன்னாலேயே.

"நானும்தாம்மா" என்றாள் உன் அம்மா. "வாயார உன்னத் திட்டிட்டேன், மன்னிச்சிடு."

"நானும் மனசுல நிறைய திட்டியிருக்கேன். என் பொண்ணை வேண்டாம்னுட்டாளேன்னு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பேச்சு முட்டிவலிக்குப் போனது. அப்புறம் அடையாற்றில் எந்த டாக்டர் கைராசி. உன் அம்மா ஏதோ சொல்ல, என் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. போகும்போது அம்மா அவளுக்குக் குங்குமம் கொடுக்கப் போய், சட்டென்று உன் அப்பா இல்லாதது நினைவு வந்து, கையைத் தயக்கமாக நிறுத்தினாள். உன் அம்மா தானே விரலை நீட்டி எடுத்து, என் நெற்றியில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் இருவருக்கும் முடிந்துவிட்டது, கணக்கு நேராகிவிட்டது. இனி போனில் பேசிக்கொள்வார்கள் போலிருக்கிறது. எனக்கு மட்டும் கணக்கு நேராகவில்லை. நம்மால் ஆகவே ஆகாது என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்து நீ அழுதாயே, அந்தப் பேச்சு இதுதான். இந்த ஹால், இந்த இரண்டு நாற்காலி. நான் போட்டுக் கொடுத்த காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.